காவல் கூலியும் காவல் நிலையமும்: தென் தமிழகத்தில் ஊர்ப் பொறுப்பு கைமாறிய வரலாறு

பழைய ஊரைப் பற்றிப் பேச்சு வந்தால், கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கினோம் என்று சொல்லாத பெரியவர் அரிது. ஊரே ஒரு குடும்பமாக இருந்தது, இன்று அடுத்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்றே தெரியவில்லை என்று பேச்சு தொடரும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் திறந்த கதவை இரவில் யார் காத்தார், அவருக்கு யார் எவ்வளவு நெல் அளந்தார், மாடு களவு போனால் யார் ஈடு கட்டினார் என்ற கேள்விகள் அந்தப் பேச்சில் எழுவதேயில்லை. மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி வட்டாரங்களின் காவல் முறையைக் கொண்டு அவற்றை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஊரைக் கட்டிவைத்ததில் பாசத்துக்கு இருந்த பங்கைவிட ஈட்டுப் பொறுப்புக்கு இருந்த பங்கு பெரிது என்பது என் வாதம். 19-ஆம் நூற்றாண்டில் அரசு காவலைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது; கூலியையும் வரியாக்கி எடுத்துக்கொண்டது; ஈடு கட்டும் பொறுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

காவலுக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் மிகப் பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் ஒரு வரியினமாகவே வருகிறது. மைய அதிகாரம் தளர்ந்த 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இந்த உரிமை வட்டாரத் தலைவர்கள் கைக்கு நகர்ந்தது. புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில் ஊரார் கூடி, அரையர் எனப்பட்ட அத்தலைவர்களுக்குப் பாடிகாவல் உரிமையைக் கொடுப்பதைக் காண்கிறோம். படைபலம் உள்ளவனிடம் ஊர் தானே போய் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது. அந்த ஒப்பந்தத்தில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு அச்சம் என்று கல் சொல்லாது.

நாயக்கர் ஆட்சிக்குப் பின் பாளையக்காரர்கள் தலையெடுத்த காலத்தில் காவல் இரண்டு அடுக்காக இருந்தது. ஓர் ஊரின் எல்லைக்குள் நடப்பது தலங்காவல். பல ஊர்களையும் வழிப்பாதைகளையும் சேர்த்துப் பாளையக்காரர் ஏற்பது திசைகாவல். தேசகாவல் என்றும் பதிவுகளில் வரும். கட்டபொம்மனுடனான மோதலின்போது திருநெல்வேலியில் கலெக்டராக இருந்த எஸ். ஆர். லஷிங்டன், இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விரிவாக எழுதினார். பாளையக்காரர்கள் ஊர்க்காரர்களின் தலங்காவலையும் மெல்ல விழுங்கி, காவலின் பேரால் வரம்பில்லாமல் பறித்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றில் இந்த அறிக்கைக்கு நிறைய இடம் தந்திருக்கிறார். லஷிங்டன் நடுநிலையாளர் அல்லர். பாளையங்களை ஒடுக்கக் காரணம் தேடிய தரப்பின் ஆள். ஆனால் காவலின் உள்ளமைப்பைப் பற்றி அவர் சொல்வதை ஒரு நூற்றாண்டு கழித்து வந்த மாவட்டக் கையேடுகளும் ஏறக்குறைய அப்படியே சொல்கின்றன.

அந்த அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஓர் ஊரின் காவல் ஒரு குடும்பத்துக்கோ வகையறாவுக்கோ பரம்பரை உரிமை. மதுரைப் பக்கம் பெரும்பாலும் கள்ளர், திருநெல்வேலிப் பக்கம் மறவர். கூலி ரொக்கமாகக் கிடைப்பது குறைவு. அறுவடை முடிந்து களத்தில் நெல் கிடக்கும்போதே, நிலக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகுமுன், காவல்காரர் பங்கு அளக்கப்படும். கொழு எத்தனை, மாடு எத்தனை என்று கணக்கிட்டு வாங்கும் இடங்களும் உண்டு. இதற்கு ஈடாக, களவு போன பொருளை மீட்டுத் தருவது காவல்காரர் கடமை; மீட்க முடியாவிட்டால் அதன் மதிப்பை அவரே தர வேண்டும். மாடு காணாமல் போனால் குளம்படித் தடத்தைப் பிடித்துப் போவார்கள். தடம் அடுத்த ஊர் எல்லையைத் தாண்டினால் பொறுப்பு அந்த ஊர்க் காவலுக்குப் போய்விடும். இனி அவர்கள் பாடு. எல்லையில் நின்று தடம் எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டு ஊர்க் காவல்காரர்கள் வாதாடுவதில் எவ்வளவு பணம் அடங்கியிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இதன் இருட்டுப் பக்கத்தை மறைப்பதற்கில்லை. காவல் வைக்காத ஊரில் வைக்கோற்போர் எரியும், மாடு மறையும். மறைந்த மாட்டைத் ‘துப்புக்கூலி’ கொடுத்து மீட்டுக்கொள்ள இடையாள் வருவார். களவாடியவரும் துப்புச் சொல்பவரும் ஈடு தர வேண்டியவரும் உறவினராக இருப்பதுண்டு. ‘மதுரா கெஜட்டியர்’ (1906) எழுதிய டபிள்யூ. பிரான்சிஸ் இதை மிரட்டிப் பறித்தல் என்றே பார்த்தார். ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978-இல் இதை மறுபரிசீலனை செய்தார். ஒரு காலத்தில் ஆட்சியுரிமையாக இருந்த ஒன்றைக் காலனிய அரசு குற்றமாகப் பெயர் மாற்றியது என்பது அவர் கருத்து. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை என்று நான் கருதவில்லை. வரி வாங்கும் எந்த அதிகாரத்துக்கும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்ற மிரட்டல் அடியில் இருக்கத்தான் செய்கிறது. காவல்காரரிடம் கூடுதலாக இருந்தது ஈட்டுக் கடமை. அவரை ஊர் கேள்வி கேட்க முடிந்தது. அடுத்த அறுப்பில் அளப்பதை நிறுத்தவும் முடிந்தது, துணிவிருந்தால்.

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில். அதோடு பாளையக்காரர்களின் ஆயுதமும் திசைகாவல் உரிமையும் போயின. கம்பெனி 1802-இல் வங்காளத்தைப் பார்த்து, தாரோகா எனப்பட்ட போலீஸ் அதிகாரிகளை நியமிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஊரோடு ஒட்டாத அந்த ஆட்கள் நிலைக்கவில்லை. தாமஸ் மன்றோ தலைமையிலான நீதித்துறை ஆணையத்தின் பயனாக 1816-இல் 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஊர்த்தலைவர், தலையாரி ஆகியோரைக் காவலின் அடித்தளமாக்கி, தாசில்தாரையும் கலெக்டரையும் மேலே வைத்தது. பழைய ஊரை மீட்கிறோம் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. எந்த ஊரை மீட்டார்கள் என்பதை அதன் தண்டனைப் பிரிவு காட்டிக்கொடுக்கும். வசவு, சில்லறை அடிதடி வழக்கில் ஊர்த்தலைவர் ஒருவரை 12 மணி நேரம் வரை சாவடியில் அடைத்துவைக்கலாம். அவர் கீழ்ச்சாதியார் என்று கருதப்பட்டவரானால் தொழுமரத்தில் மாட்டலாம். ஊர் ஒரே குடும்பம் என்றால், தொழுமரம் அந்தக் குடும்பத்தில் சிலருக்கு மட்டும் வைக்கப்பட்டிருந்தது. ஊர் ஒற்றுமையின் அழிவைப் பற்றி எழுதுபவர்கள் சேரியிலிருந்து ஒருமுறை அந்த ஒற்றுமையைப் பார்ப்பது நல்லது.

வரி வசூலும் காவலும் ஒரே தாசில்தார் கையில் சேர்ந்ததன் விளைவு 1855-இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை ஆணைய அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. விரல்களை மரக்கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் ‘கிட்டி’, உடலை வளைத்துக் கட்டிவைக்கும் ‘அண்ணாந்தாள்’ எனப் பல கொடுமைகளுக்கு மக்கள் சாட்சியம் சொன்னார்கள். வரி பாக்கிக்கும் களவுக் குற்றத்துக்கும் அதே கிட்டிதான். வருவாய்த்துறையிலிருந்து காவலைப் பிரித்தாக வேண்டும் என்ற கருத்துக்கு இது வலுவூட்டியது. 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம் சீருடையும் சம்பளமும் தனி மேலதிகாரிகளும் கொண்ட போலீஸை உருவாக்கியது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவர். 1861-இல் இந்தியா முழுமைக்கும் வந்த போலீஸ் சட்டத்துக்குச் சென்னையின் அனுபவம் முன்னோடி. அயர்லாந்துக் காவல்படையின் சாயல் இதில் உண்டு. ஆளப்படுபவர்களைக் கண்காணிக்க வெளியிலிருந்து நிறுத்தப்பட்ட படை அது.

இதே காலத்தில் ஊர்க்காவலின் பொருளாதாரமும் மாறியது. ஊர்ப் பணியாளர்களின் மானிய நிலங்களுக்குத் தீர்வை விதித்து அவற்றைச் சொந்த நிலமாக்கினார்கள். 1864-இல் கிராம வரிச் சட்டம் வந்தது. குடிகளிடம் வசூலித்துத் தலையாரிக்கு அரசே சம்பளம் கொடுத்தது. களத்தில் நெல் அளந்தவரைப் பார்த்து நின்ற தலையாரி, இப்போது தாலுகா கச்சேரியைப் பார்த்து நின்றார். திருட்டைப் பற்றித் தகவல் சொல்வது அவர் வேலை. மீட்டுக் கொடுப்பது, ஈடு கட்டுவது எவர் வேலையும் இல்லை. போலீஸ் நிலையமோ பல மைல் தள்ளி. ஆகவே குடிகள் அரசுக்கு வரியும் கட்டினார்கள், பழைய காவல்காரருக்கு நெல்லும் அளந்தார்கள். ஒரே காவலுக்கு இரட்டைக் கூலி.

இந்த எரிச்சல் திண்டுக்கல், பழனி வட்டாரங்களில் 1895–96-இல் வெடித்தது. அம்மையப்பக் கோன் என்பவர் முன்னின்று ஊர்ப் பஞ்சாயத்துகளை இணைத்தார்; குடிகளிடம் பணம் திரட்டிப் ‘பண்டு’ ஒன்றை நிறுவினார். களவு கொடுத்தவர்களுக்கு அதிலிருந்து ஈடு. ஊருக்கு ஒரு கொம்பு வாங்கிவைத்தார்கள். திருடன் வந்தால் ஊத வேண்டும், ஓசை கேட்டவர் ஆயுதத்தோடு ஓடிவர வேண்டும், வராதவருக்குத் தண்டனை. கள்ளர் காவல்காரர்கள் ஊர்களிலிருந்து விரட்டப்பட்டனர், வீடுகள் கொளுத்தப்பட்டன, பதிலடியும் நடந்தது. ஆனந்த் பாண்டியன் இந்த இயக்கத்தைத் தனியே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். என் கண்ணுக்குப் படுவது வேறொன்று. பண்டுக்காரர்கள் போலீஸைக் கூட்டித் தரச் சொல்லி மனுப்போட்டுக் காத்திருக்கவில்லை. பழைய காவலின் சாரமான ஈட்டையும் கூட்டுப் பொறுப்பையும் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ஊர் ஒற்றுமை இவ்வளவு கச்சிதமாகத் திரண்ட வேளை வேறு உண்டா தெரியவில்லை. அது திரண்டது அண்டை வீட்டாரை எரிக்கவும்தான்.

அரசு எடுத்த பாடம் எளிமையானது: பிரச்சினை காவல் முறையில் இல்லை, ஒரு சாதியில் இருக்கிறது. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் பிறமலைக் கள்ளர்மீது படிப்படியாகப் பாய்ந்தது. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், பலர் இரவில் காவல் நிலையத்திலோ ஊர்த்தலைவரிடமோ வந்து நிற்க வேண்டும். நேற்று வரை ஊரை இரவில் காத்தவர்கள், இரவில் காக்கப்பட வேண்டியவர்கள் ஆனார்கள். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட பலர் மாண்டனர். ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர் போன்றோரின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது. ஊருக்கும் காவலுக்கும் இடையிலிருந்த நம்பிக்கையை எது முறித்தது என்று கேட்டால், நான் இந்த 36 ஆண்டுகளையே முதலில் சுட்டுவேன்.

அதன் பின் நடந்தவை விரைவாகச் சொல்லத்தக்கவை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்து, தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. பரம்பரை ஆதிக்கத்தை அறுத்த நல்ல முடிவு. ஊர்க்காரர் அல்லாத ஒருவர் ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் நிலையும் அதோடு வந்தது. தலையாரி கிராம உதவியாளர் ஆனார்.

ஊரைக் காவலுக்குள் திரும்ப அழைத்துவரும் முயற்சியும் நடக்காமல் இல்லை. ராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் 1993-இல் தொடங்கிய ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ தமிழகமெங்கும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச்சென்ற தந்தையும் மகனும் உயிரிழந்தபோது, அந்த அமைப்பின் தன்னார்வலர்களும் உடந்தை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே அரசு அதைத் தடை செய்தது. தன்னார்வலர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தத் திட்டத்தில் தெளிவாக இல்லை. ஊர் அவருக்குக் கூலி அளக்கவில்லை. நிலையத்துக்கு வேண்டியவராக இருப்பதே அவர் தகுதி.

நகரங்களில் கூலி வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. மாதம் முடிந்ததும் வாசலில் வந்து நின்று காசு வாங்கிப்போகும் கூர்க்கா, அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்யூரிட்டி, கடைவீதிக் கேமரா. சென்னைக் காவல்துறையின் ‘மூன்றாவது கண்’ திட்டத்தில் குடியிருப்போரும் வணிகர்களும் பணம் போட்டுத் தெருவெங்கும் கேமராக்களை வைத்தார்கள். வண்டி களவு போனால் அந்தப் படம் வழக்குக்குச் சான்றாக உதவும். வண்டியின் விலைக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம்தான் விண்ணப்பம் போட வேண்டும்; அதற்கும் முதல் தகவல் அறிக்கையின் நகல் கேட்பார்கள்.