கூடுதலாக ஒரு கலம்

பிரெஞ்சுச் சிவில் சட்டத் தொகுப்பு 1804இல் வந்தது. பிறப்பு, இறப்புப் பதிவேடு எழுதுகிறவருக்கு அதன் 42ஆவது பிரிவு அன்று சொன்ன விதிகள் கறாரானவை. நடுவில் இடம் விடாமல் எழுத வேண்டும். சொல்லைச் சுருக்கக் கூடாது. தேதியை எண்ணில் போடக் கூடாது, எழுத்தில்தான் எழுத வேண்டும். எதையாவது அடித்தால் அந்த அடித்தலுக்கும் கையெழுத்து வேண்டும். இணையச் செயலிகளுக்குத் தரவுத்தளம் கட்டுவது என் பிழைப்பு. கலத்தைக் காலியாக விடாதே, தேதி ஒரே வடிவில் இருக்கட்டும், யார் மாற்றினார் என்று எழுதி வை என்று நாங்கள் இன்று கணினிக்குச் சொல்வதும் ஏறக்குறைய இவைதான்.

அந்தச் சட்டத் தொகுப்பு 1819இல் பிரெஞ்சிந்தியாவிலும் நடைமுறைக்கு வந்தது. 1739இல் பிரெஞ்சுக்காரர் காலூன்றிய காரைக்காலும் அதற்குள் அடங்கியது. காரைக்கால் பகுதியின் கோட்டுச்சேரிமேட்டில் என் வீட்டைப் பொறுத்தவரை இது பழங்கதை இல்லை. சித்தப்பா பாரிஸ் பக்கம் இருக்கிறார். தாத்தாவின் பிறப்புப் பதிவு நகலை வைத்துக்கொண்டு ஒரு நாள் போனில் கேட்டார்: “ஏம்மா, தாத்தாவுக்கு எது குடும்பப் பேரு, எது சொந்தப் பேரு? இங்க ரெண்டு கட்டம் போட்டிருக்கான்.” எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தாத்தாவுக்கு ஒரு பெயர், அவருடைய அப்பாவுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். ஒரு காகிதத்தில் அப்பா பெயர் முதல் கட்டத்தில் இருந்தது, இன்னொன்றில் இரண்டாவதில். சொந்தபந்தங்களின் காகிதங்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க ஜாங்கோ என்ற இணையச் செயலிக் கட்டமைப்பில் ஒரு சிறிய செயலி எழுதத் தொடங்கியது அப்போதுதான்.

ஜாங்கோவில் முதல் வேலை மாடல் எழுதுவது. ‘நபர்’ என்று ஒரு வகுப்பை அறிவித்து, அதற்குள் பெயர், பிறந்த தேதி, ஊர் என்று கலங்களைச் சொன்னால், தரவுத்தளத்தில் அதற்கேற்ற அட்டவணையைச் செயலியே போட்டுக்கொள்ளும். ஆனால் மாடல் என்பது எழுதியவர் உலகத்தை எப்படிப் பார்த்தார் என்பதுதான். குடும்பப் பெயர் எல்லோருக்கும் உண்டு என்று நினைத்தவர் அதற்கு ஒரு கலம் வைத்தார். எங்கள் ஆட்கள் கையில் இருந்த ஏதோ ஒரு பெயரால் அதை நிரப்பினார்கள்.

அந்தக் கலத்தைச் சட்டபூர்வமாக நிரப்பும் வழியை 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை திறந்தது. பிரெஞ்சிந்தியர் ஒருவர் தம் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம். வரும்போது ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். புதுச்சேரியின் பொன்னுத்தம்பிப் பிள்ளை லபோர்த் ஆனது இப்படித்தான். அந்த ஆணையில் ஒரு நிபந்தனை உண்டு: துறப்பு இறுதியானது, திரும்பப் பெற முடியாதது. ஜாங்கோவில் ஒரு மாற்றத்தை எழுதும்போது, அதைப் பின்னோக்கிக் கொண்டுபோகும் வழியையும் எழுதலாம். எழுதாமல் விட்டுவிட்டுப் பிறகு பின்னோக்கிப் போகச் சொன்னால், ‘திருப்ப முடியாதது’ என்று சொல்லி நின்றுவிடும். அந்தப் பிழைச்செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1881தான் நினைவுக்கு வரும். துறந்தவர்களின் வாரிசுகளுக்குத் திருமணம், சொத்து விஷயங்களில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இன்றும் பிரெஞ்சுச் சிவில் சட்டமே பொருந்துகிறது.

மாற்றத்தைக் கோப்பாக எழுதி வைக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் அவ்வளவு பழையது இல்லை. அட்டவணைகளாகத் தரவை அடுக்கும் கோட்பாட்டை ஐபிஎம்மில் இருந்த காட் 1970இல் எழுதினார். அதற்குப் பிறகும் நெடுங்காலம், ஓடுகிற தளத்தில் ஒரு கலம் சேர்க்க வேண்டுமென்றால் யாராவது இரவில் உட்கார்ந்து கட்டளையைக் கையால் அடிப்பார்கள். அவர் கணினியில் ஒரு வடிவம், சர்வரில் இன்னொரு வடிவம், பக்கத்து இருக்கைக்காரரிடம் மூன்றாவது. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற இன்னொரு கட்டமைப்பு 2005இல் இதற்கு மைக்ரேஷன் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் வெளியான ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஊர்ச் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்தது. அதன் பழைய ‘சிங்க்டிபி’ கட்டளை இல்லாத அட்டவணையைப் போட்டுத் தரும், இருக்கிற அட்டவணையைத் தொடாது. அந்தக் குறையைத் தீர்க்க ஆண்ட்ரூ காட்வின் 2008இல் ‘சவுத்’ என்ற கருவியை எழுதினார். 2013இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி அதை ஜாங்கோவுக்குள்ளேயே மறுபடி கட்டினார். 2014 செப்டம்பரில் வந்த 1.7 பதிப்பிலிருந்து ‘மேக்மைக்ரேஷன்ஸ்’ என்றால் மாற்றம் எண்ணிட்ட கோப்பாகிறது. ‘மைக்ரேட்’ என்றால் நடைமுறைக்கு வருகிறது. எந்தக் கோப்பு எந்த நேரத்தில் செலுத்தப்பட்டது என்பதைத் தரவுத்தளமே தனி அட்டவணையில் குறித்துக்கொள்ளும்.

பதிவேட்டுக்காரர்கள் இந்த ஒழுங்கை வெகு முன்பே அறிந்திருந்தார்கள். அன்று பதிவேடு இரட்டைப் படியாக இருக்கும். ஆண்டு முடிவில் கணக்கை மூடி, ஒரு படி ஊரிலும் மற்றது நீதிமன்றத்திலும் வைக்கப்படும். 1776 ஜூன் அரசாணைப்படி குடியேற்ற நாடுகளின் காகிதங்களுக்கு இன்னொரு படி வெர்சாய்க் காப்பகத்துக்கும் போக வேண்டியிருந்தது. அந்தக் காப்பகத்தின் வாரிசு இன்று எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் இருக்கிறது. அன்று திருத்தம் என்றால் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். தீர்ப்பு வந்தாலும் மூலவரியை அழிப்பதில்லை, ஓரத்தில் குறிப்பார்கள். பிறப்புப் பதிவின் ஓரத்தில் திருமணத்தையும் குறிக்க வேண்டும் என்று 1897ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சில் கட்டாயமாக்கியது.

ஊரின் எல்லையும் பதிவைப் போலக் காலத்தோடு மாறியதுதான். 1880இல் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சி அலகுகள் ஏற்பட்டபோது காரைக்கால் பகுதிக்கு மூன்று: காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு. 1907இல் கோட்டுச்சேரி, நிரவி, திருநள்ளாறு ஆகியவையும் சேர்ந்து ஆறாயின. 1907க்கு முன் இங்கே பிறந்தவரைக் கோட்டுச்சேரி கொம்யூன் என்று போட்டுத் தேடினால் கிடைக்க மாட்டார். ஆகவே என் செயலியில் ஊர் என்பது வெறும் பெயர் இல்லை, அது செல்லுபடியான தொடக்க ஆண்டும் முடிவு ஆண்டும் சேர்ந்தது. நில அளவும் அதே சங்கதி. காரைக்கால் குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. புதுச்சேரிப் பக்கத்துக் குழி இதைவிடப் பெரியது. பகுதியைச் சொல்லாமல் ‘குழி’ என்று மட்டும் கலம் வைத்தால் கணக்கு கெட்டது.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் 1954இல் தொடங்கியது. அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் பிரெஞ்சிந்தியாவின் 178 பிரதிநிதிகள் வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் சேர, 8 பேர் எதிராக. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. இந்தியாவும் பிரான்சும் செய்த ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28இல், சட்டப்படி நடைமுறைக்கு வந்ததோ 1962 ஆகஸ்ட் 16இல். நடுவில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் நிர்வாகம் இந்தியாவுடையது, சட்டப்படி மண் பிரான்சுடையது. பழைய கலத்தை உடனே நீக்காமல், புதியதையும் சேர்த்துச் சிறிது காலம் இரண்டையும் ஓட்டுவது பெரிய தளங்களில் நாங்கள் இன்றும் செய்வதுதான்.

அந்த ஒப்பந்தம் எல்லோர் பதிவிலும் குடியுரிமை என்ற கலத்தை மறுபடி எழுதியது. இந்தப் பகுதிகளில் பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியராவர். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே வேறு நாட்டில் குடியிருந்தவருக்கு விதி தலைகீழ்: பிரெஞ்சுக்காரராகவே நீடிப்பார், விரும்பினால் இந்தியராகலாம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் சைகோனில் இருந்தவர் ஒரு நாடு, வயலில் இருந்தவர் ஒரு நாடு.

காலியாக விடக்கூடாத கலம் ஒன்றைப் பழைய அட்டவணையில் சேர்த்தால், ஏற்கெனவே இருக்கும் வரிகளுக்கு இயல்பு மதிப்பாக என்ன போடட்டும் என்று ஜாங்கோ நின்று கேட்கும். அவசரத்தில் எதையாவது தட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஒப்பந்தத்தை எழுதியவர்கள் அப்படிப் போகவில்லை. யாருக்கு எது, எத்தனை மாதத்துக்குள் என்று வகுத்துத்தான் எழுதினார்கள். ஆனாலும் அந்த ஆறு மாதம் போனதே தெரியாதவர்கள் இருந்தார்கள். அந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு பிரெஞ்சு நீதிமன்றப் படியேறியவர்களும் உண்டு.

என் தாத்தா எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. விரும்பி இந்தியரானாரா, கெடு தெரியாமல் ஆனாரா என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. அதனால் குடியுரிமைக் கலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கலம் சேர்த்தேன்: எதனால். பிறப்பால், விருப்பக் கடிதத்தால், கெடு கடந்ததால் என்று மூன்று மதிப்புகள். சித்தப்பாவுக்கு இது வேண்டாத வேலையாகப் பட்டது. “இந்தியன்னு போட்டா போதாதா?” என்றார். போதாது. எழுதிக் கொடுத்தவருக்கும் பேசாமல் இருந்தவருக்கும் ஒரே மதிப்பைப் போட்டால், பின்னால் வருகிறவரால் அவர்களைப் பிரிக்கவே முடியாது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடமும் நான் வற்புறுத்துவது இதைத்தான்: கணினி கேட்கும் அந்த இயல்பு மதிப்பை யார், எந்த நாளில், என்ன காரணத்தால் தீர்மானித்தார் என்பதை மைக்ரேஷன் கோப்பிலேயே எழுதி வையுங்கள்.