ரோபோவுக்கு மோட்டார் தெரிவு: வலுவை மட்டும் பார்த்தால் போதுமா?

அமெரிக்காவில் 1992 முதல் நடைபெற்றுவரும் ஃபெர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டிக்காகப் பாடசாலை மாணவர்கள் 12 வோல்ற் பற்றரியில் இயங்கும் பெரிய ரோபோக்களை உருவாக்குகிறார்கள. அங்கு பல ஆண்டுகள் பாவனையில் இருந்த இரண்டு மோட்டார்களை ஒப்பிட்டால், தெரிவின்போது கவனிக்க வேண்டியது எது என்பது விளங்கும்.

சிம் மோட்டாரின் உச்ச வலு ஏறத்தாழ 337 வாற். 775புரோ மோட்டாருக்கு 347 வாற். ஆனால் முன்னதன் நிறை 1.27 கிலோகிராம், பின்னதன் நிறை 0.36 கிலோகிராம். சுமையின்றி ஓடும்போது முன்னது நிமிடத்துக்கு 5,330 தடவையும் பின்னது 18,730 தடவையும் சுற்றும்.

வேக வேறுபாட்டைப் பற்சில்லுகளால் சரிசெய்யலாம். 4 கிலோகிராம் சுமையை அரை மீற்றர் நீளக் கையால் தூக்க ஏறத்தாழ 20 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை தேவை. உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், சிம் மோட்டாரை 100 மடங்கு வேகம் குறைத்தோ, 775புரோவை 350 மடங்கு குறைத்தோ அதே வேலையை ஏறக்குறைய அதே வேகத்தில் செய்யலாம்.

அப்படியானால் இலேசானதையே எங்கும் பொருத்தலாமே? கை எங்காவது சிக்கி மோட்டார் நின்றுபோகும்போதுதான் வித்தியாசம் தெரியும். முழு மின்னழுத்தத்தில் தடைப்பட்டால் இரண்டுமே 130 அம்பியருக்கு மேல் இழுக்கும். 1,500 வாற்றுக்கும் அதிகமான அந்த வலு முழுவதும் வெப்பமாகும். 775புரோவைக் குளிர்விப்பது அதன் அச்சிலுள்ள விசிறி. அச்சு நின்றால் விசிறியும் நிற்கும், சில வினாடிகளில் சுருள் கருகலாம். சிம் மோட்டாரின் கனத்த உடல் வெப்பத்தை உள்வாங்கி அதிக நேரம் தாங்கும்.

ஆகவே பொறிமுறை எப்படி இயங்கும் என்பதை முதலில் பாருங்கள். பந்தை எறியும் சக்கரம் இடைவிடாது வேகமாகச் சுழல்வதால் அதற்கு இலேசான மோட்டார் பொருந்தும். எதிரணி ரோபோவைத் தள்ளும்போது சக்கரங்கள் தடைப்படும். அங்கே வெப்பம் தாங்கும் மோட்டார் வேண்டும். தூக்கும் கைக்கு இலேசான மோட்டாரைப் பொருத்தினால், மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவதும், எல்லையில் மோட்டாரை நிறுத்தும் ஆளி வைப்பதும் அவசியம்.

2019 பருவத்தில் அறிமுகமான நியோ போன்ற தூரிகையற்ற மோட்டார்களுக்கு அணிகள் பின்னர் மாறின. நியோவின் நிறை 0.43 கிலோகிராம் மட்டுமே. அதன் கட்டுப்படுத்தியிலேயே மின்னோட்ட எல்லையை அமைக்கலாம். எனினும் எந்த மோட்டாரை வாங்கும் முன்பும் கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை: இது நின்றுபோனால் என்ன நடக்கும்?