ஏட்டுச்சுவடியும் இன அடையாளமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் செழித்த மனோரதிய இலக்கிய இயக்கம், தனிமனித உணர்ச்சியைப் போற்றியதோடு அமையாது, ஒவ்வோர் இனமும் தன் பழமையைத் தேடவும் தூண்டிற்று. ஜேர்மனியில் கிறிம் சகோதரர் நாட்டார் கதைகளை 1812இல் வெளியிட்டனர். ருசியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த பின்லாந்தில் எலியாஸ் லொன்ரொட் என்னும் மருத்துவர் நாட்டார் பாடல்களைத் தொகுத்து 1835இல் ‘கலேவலா’ என்னும் காவியமாக்கினார். பிறர் ஆட்சியிலிருந்த மக்களுக்கு அது தன்மான வாக்காயிற்று.

அதே நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த யாழ்ப்பாணத்திலும் பழமை மீட்பு நிகழ்ந்தது. ஆனால், இங்குத் தேடப்பட்டது ஏடு, பாடல் அன்று. ஆறுமுக நாவலர் (1822–1879) சைவத்தின் காவலாகத் தமிழைப் பேணினார். அவர் வழிவந்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) மேலும் ஒரு படி சென்றார். வட்டுக்கோட்டைச் செமினறியில் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான அவர், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சேறியது கலித்தொகையே.

சைவராகிய அவர், பௌத்தர் இயற்றிய வீரசோழியத்தை 1881இலும், சமண காவியமாகிய சூளாமணியை 1889இலும் வெளியிட்டமை ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. சமய எல்லையைக் கடந்து, மொழியே மக்களின் பொதுச்சொத்து என்னும் கருத்து அப்பதிப்புகளில் உருப்பெறுகிறது. தமிழின உணர்வின் வித்துக்களுள் ஒன்று இதுவெனலாம்.

எனினும், குறையொன்றும் உண்டு. கற்றோர் ஏட்டைத் தேடிய அம்முயற்சியில், உழவரும் கடற்றொழிலாளரும் பாடிய பாடலுக்கும் ஆடிய கூத்துக்கும் இடமிருக்கவில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்டோரின் குரல் ‘மரபு’ என்னும் சொல்லுக்குப் புறத்தே நின்றது. 1950களிலும் 1960களிலும் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துக்குப் புத்துயிர் அளித்த பின்னரே கற்றோர் அதனை மதிக்கத் தலைப்பட்டனர்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அரிய சுவடிகளும் சாம்பராயின. அச்சேறிய நூலுக்கு வேறிடத்தில் பிரதி உண்டு. அச்சேறாத ஏட்டுக்கு இல்லை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடி விரைந்ததன் பொருள் அன்று தெளிவாயிற்று. எழுதப்படாத பாடலோ தீயின்றியே, அதனை அறிந்த முதியவரோடு மறைகிறது. அதனைச் செவிமடுத்து எழுதிவைத்தல் நம் தலைமுறையின் கடனாகும்.