வண்டல் வாரிய வழக்கம்

மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பும் கிழக்கே பக்கிங்காம் கால்வாயுமாக அமைந்த பெருங்குடியில் இன்று கண்ணாடி மாளிகைகளைக் காண்போர், அது ஏரியும் வயலுமாக விளங்கிய கிராமம் என்பதை எளிதில் நம்பமாட்டார்கள். திரிசூலம், பல்லாவரம் குன்றுப் பகுதிகளிலும் தாம்பரத்தைச் சூழ்ந்த மேட்டு நிலங்களிலும் பெய்த மழை, ஏரிக்கு ஏரி கலங்கல் வழிந்து பள்ளிக்கரணையில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியே கால்வாயை அடைந்து, கோவளத்து முகத்துவாரத்தில் கடலோடு கலப்பது இப்பிரதேசத்தின் இயற்கை. அந்த நீர் தனித்து வருவதில்லை. வழியெல்லாம் மண்ணையும் வாரிக்கொண்டே வருகிறது.

மலையோடைகளின் சுபாவத்தை ஆராய்ந்தவர்கள் கூறும் உண்மை ஒன்று உண்டு. வெள்ளம் இருமடங்கானால் அது சுமக்கும் மண் இருமடங்கோடு நிற்பதில்லை, பன்மடங்காகப் பெருகுகிறது. சாதாரண நாட்களில் நுண்ணிய களியை மட்டுமே ஏந்திச் செல்லும் ஓடை, பேய்மழை கொட்டும் இரண்டொரு நாட்களில் பருமணலையும் கூழாங்கற்களையும் உருட்டிவிடுகிறது. ஆதலால் ஓர் ஆண்டின் மண்ணில் பெரும்பகுதி அச்சில நாட்களிலேயே இறங்கிவிடுகிறது. அன்றியும், கோடையில் உலர்ந்து பொடிந்த நிலத்தின்மேல் பாயும் புதுவெள்ளம் செந்நிறமாகக் கலங்கி வர, அதே அளவு நீர் பருவத்தின் பிற்பகுதியில் வரும்போது, எளிதில் அரிபடும் மண் முன்னமே போய்விட்டபடியால், பெரும்பாலும் தெளிந்து காணப்படுகிறது. ஏரியை அடைந்ததும் வேகம் தணிகிறது. மணல் வரத்துக்கால் வாயிலேயே தங்க, நுண்வண்டல் கரையோரம் வரை சென்று படிகிறது.

இதைச் சூத்திரமாக எழுதாவிட்டாலும் நம் முன்னோர் அநுபவத்தில் அறிந்திருந்தனர் என்பதற்கு அவர்கள் அமைத்த குமிழித் தூம்பே சாட்சி. கரைக்குச் சற்று உள்ளே, கல்தூண்களுக்கிடையே நிற்கும் அத்தூம்பில், மேலே நீரோடித் துளையும், அதற்குக் கீழே தரைமட்டத்தில் சேறோடித் துளையும் இருக்கும். அடைப்பை உயர்த்தியதும் நீரோடு அடிச்சேறும் இழுக்கப்பட்டுச் சுரங்கக்கால் வழியே வயலுக்குப் போய்விடும். எஞ்சிய வண்டலை, ஏரி வற்றிய கோடையில், குடிகளே கூடி வெட்டி, கரைக்குச் சிறிதும் வயலுக்குப் பெரிதுமாகக் கொண்டுபோயினர். குடிமராமத்து என்பது அதுவே. உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட சாசனங்கள், குடவோலையால் தேர்ந்த அறுவர் கொண்ட ஏரி வாரியம் ஆண்டுதோறும் மாறியமைந்ததை விவரிக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிராமத்தின் அதிகாரம் சர்க்கார் கைக்கு மாறியபின் இவ்வழக்கம் தளர்ந்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றவேண்டி வந்தது என்றால், தாமாக மண்வெட்டி எடுத்த கைகள் சட்டத்துக்கு அஞ்சி எடுக்கும் நிலை வந்துவிட்டதென்றே பொருள். பின்னர் ரசாயன உரம் வந்து வண்டலின் மதிப்பையும் குறைத்தது. 1934இல் எழுந்த மேட்டூர் அணையில் 83 ஆண்டுகளுக்குப் பிறகு, 2017இல்தான் முதன்முதலாகத் தூர் வாரினார்கள். அப்போது அதன் வண்டலை உழவர்கள் விரும்பி ஏற்றிச் சென்றனர். குடிமராமத்து என்ற பழம்பெயரும் அவ்வாண்டிலேயே அரசுத் திட்டமாக மறுபடி உயிர்பெற்றது.

பெருங்குடியின் நிலை வேறு. வண்டலை ஏற்க இங்கே வயல் இல்லை. மேலேயுள்ள ஏரிகள் பல குறுகிவிட்டன. ஆகவே முன்பு பல ஏரிகள் பங்கிட்டுக்கொண்ட மண், கட்டிட வேலைகளின் புழுதியோடும் குப்பையோடும் சேர்ந்து, சதுப்பிலும் ஒக்கியம் மடுவிலும் கால்வாயிலும் வந்து குவிகிறது. 2022இல் பள்ளிக்கரணை, ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது பெருமையே. ஆனால் பட்டியல் மண்ணைத் தடுக்காது. மழை ஆண்டுதோறும் மண்ணைக் கொணரும் ஊரில், பத்தாண்டுக்கொருமுறை வெள்ளம் வந்தபின் பதறிக்கொண்டு தூர் வாருவது போதாது. ஐப்பசி மழைக்கு முன், ஒவ்வொரு கோடையிலும், இன்னார் பொறுப்பு என்று வகுத்து அதைச் செய்வதே பழைய ஏரி வாரியத்தார் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.