கல் விழக் கண்டவர்கள்

1795 ஆம் ஆண்டு ஏப்ரல் 13 ஆம் நாள் முல்லைத்தீவில் வானிலிருந்து ஒரு கல் வீழ்ந்தது. ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதி மாதங்கள் அவை. உலக விண்கற் பட்டியல் அக்கல்லின் நாளையும் இடத்தையும் வகையையும் நிறையையும் தருகின்றது. விழக் கண்டவர் பெயரைத் தருவதில்லை.

அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர், வானிலிருந்து கல் விழும் என்பதையே ஒப்பினாரல்லர். 1768 இல் பிரான்சின் லூசே என்னும் ஊரில் உழைப்பாளிகள் கண்ணெதிரே கல் வீழ்ந்தது. லவாய்சியே முதலிய வேதியியல் மேதைகள் அதனை ஆராய்ந்து, மின்னல் தாக்கிய பூமிக் கல்லே அஃதென்றனர். பாமரர் சொல் சான்றாகுமோ என்ற செருக்கு அறிவியலையும் மறைத்தது.

1794 இல் ஜேர்மனியரான கிளாத்னி, இக்கற்கள் விண்வெளியிலிருந்து வருவன என நூலெழுதினார், எள்ளப்பட்டார். 1798 இல் காசிக்கு அருகே வீழ்ந்த கற்களையும், இங்கிலாந்து, இத்தாலி நாடுகளில் வீழ்ந்தவற்றையும் 1802 இல் பகுத்தாய்ந்த ஹோவர்ட், யாவற்றிலும் நிக்கல் இருக்கக் கண்டார். 1803 இல் பிரான்சின் லேக்ல் ஊரருகே ஏறத்தாழ 3,000 கற்கள் பொழிந்தன. ஆராயச் சென்ற பியோ ஊரூராக மக்களை வினவினார். அவர்தம் சாட்சியமே ஐயத்தை வென்றது.

'மீட்டியோர்' என்ற சொல்லின் கிரேக்க வேர், உயரத்தே நிற்பதைக் குறிக்கும். காற்று, மழை, இடி, வானவில் அனைத்தும் அதனுள் அடங்கின. வானிலை ஆய்வுக்கு 'மீட்டியோராலஜி' என்று பெயர் நிலைத்தது இதனாலேயே. சோளகத்தையும் கச்சானையும் நோக்கி வள்ளம் தள்ளும் வங்காலைக் கடற்றொழிலாளரின் அறிவுக்கும் அச்சொல் உரியதன்றோ? தமிழில், வானில் எரிந்தோடுவது எரிமீன். தரையை அடைந்தது விண்கல்.

புறநானூற்றின் 229 ஆம் பாடலில், மீன் விழக் கண்ட கூடலூர் கிழார் சேரமன்னனின் சாவை அஞ்சினார். அரசர்க்கு ஊழ்குறிப்பதாய்க் கருதப்பட்ட அக்கற்களிற் பெரும்பாலானவை சிறுகோள்களின் சிதறல்கள் என இன்று அறிவோம். பலவற்றின் வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டு.

இரவுக் கடலில் எரிமீன் கண்டதாக ஒரு தொழிலாளி உரைத்தால், ஆசிரியரும் மாணவரும் நகைத்து ஒதுக்கலாகாது. நாள், நேரம், திசை, எழுந்த ஓசை ஆகியவற்றைக் கேட்டெழுதுக. கண்டவர் பெயரையும் உடனெழுதுக.