ஹாசல்பிளாட் 500சி கேமராவும் லென்ஸ் சிக்கிக்கொள்ளும் சிக்கலும்

ஹாசல்பிளாட் 500சி என்பது 1957இல் சுவீடனில் அறிமுகமான நடுத்தர வடிவ ஒளிப்படக் கருவி ஆகும். 120 வகை ஃபிலிமில் சதுரப் படங்களை எடுக்கும் இக்கருவியில் லென்ஸ், ஃபிலிம் பெட்டி, பார்வைக் கண்ணாடி ஆகிய அனைத்தையும் கழற்றி மாற்றலாம். இதன் லென்ஸ் சில நேரங்களில் உடற்பகுதியிலேயே சிக்கிக்கொள்ளும். இது உற்பத்திக் குறை அன்று. கருவியின் சிறப்புக்குக் காரணமான அமைப்பிலிருந்தே எழுவது.

பின்னணி

கோத்தன்பர்க் நகரைச் சேர்ந்த விக்டர் ஹாசல்பிளாட் 1948இல் 1600எஃப் என்ற கருவியை வெளியிட்டார். மெல்லிய எஃகுத் திரையாலான அதன் ஷட்டர் ஃபிலிமுக்கு முன்னால், உடற்பகுதிக்குள் இருந்தது. லென்சுக்கும் ஷட்டருக்கும் இணைப்பு தேவைப்படவில்லை. ஆனால் அந்தத் திரை அடிக்கடி பழுதடைந்தது. மேலும், ஃபிளாஷ் விளக்கைக் குறைந்த வேகங்களில் மட்டுமே பயன்படுத்த முடிந்தது.

500சி கருவியில் ஷட்டர் லென்சுக்குள் மாற்றப்பட்டது. 1 நொடி முதல் 1/500 நொடி வரை எல்லா வேகங்களிலும் ஃபிளாஷ் இயங்கியது. பெயரிலுள்ள 500 இந்த உச்ச வேகத்தையே குறிக்கிறது. படநிலையங்களில் பணிபுரிந்தோருக்கு இது பெரும் வசதியாக அமைந்தது.

சிக்கலின் காரணம்

ஷட்டர் லென்சில் இருந்தாலும் அதற்கு விசையேற்றும் கைப்பிடி உடற்பகுதியில் உள்ளது. இரண்டையும் ஒரு சிறிய சுழல்தண்டு இணைக்கிறது. கைப்பிடியைச் சுற்றும்போது ஃபிலிம் நகர்கிறது, உள்கண்ணாடி கீழிறங்குகிறது, லென்சின் ஷட்டரும் விசையேறுகிறது.

லென்சைக் கழற்றவும் பூட்டவும் இரு பகுதிகளும் விசையேறிய நிலையில் இருக்க வேண்டும். அப்போதுதான் தண்டின் முனையும் அது பொருந்தும் காடியும் ஒரே திசையில் நிற்கும். ஒன்று விசையேறியும் மற்றொன்று விசையிறங்கியும் இருந்தால் லென்ஸ் திரும்பாது. அண்மைப் படங்களுக்கான நீட்டிப்பு வளையங்களைத் தவறான வரிசையில் கழற்றுவது இதற்கு ஒரு பொதுவான காரணம். முதலில் லென்சையும், பிறகு வளையத்தையும் கழற்றுவதே சரியான முறை.

விடுவிக்கும் முறை

சிக்கிய லென்சை வலுவாகத் திருகினால் தண்டு வளையலாம் அல்லது உடையலாம். எனவே பழுதுபார்ப்போர் பின்வரும் முறையைக் கையாள்கின்றனர்:

1. ஃபிலிம் பெட்டியின் மறைப்புத் தகட்டைச் செருகிப் பெட்டியைக் கழற்றுதல்.
2. பின்புற இமைகளை மெதுவாகத் திறந்து, நீண்ட திருப்புளியை உள்ளே செலுத்துதல்.
3. முன்பக்கத்தில் தெரியும் தண்டின் காடியில் திருப்புளியைப் பொருத்தி, சொடுக்கொலி கேட்டு நிற்கும்வரை வலஞ்சுழியாகத் திருப்புதல்.
4. விடுவிப்புப் பொத்தானை அழுத்தி லென்சைக் கழற்றுதல்.

திருப்புளி உள்கண்ணாடியில் உரசினால் நிலையான கீறல் விழும். அனுபவமற்றவர்கள் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது.

பிற்கால மாற்றங்கள்

1965இல் வந்த 500இஎல் கருவியில் மின்மோட்டார் பொருத்தப்பட்டது. ஒவ்வொரு படத்திற்குப் பிறகும் கருவி தானே விசையேறியதால், லென்சும் உடற்பகுதியும் பெரும்பாலும் ஒத்த நிலையில் இருந்தன. இவ்வகையில் உருவான கருவிகளே அப்பல்லோ பயணங்களில் நிலவுக்குச் சென்றன. 2002இல் வெளியான எச்1 கருவியில் உடற்பகுதிக்கும் லென்சுக்கும் இடையிலான தொடர்பு மின்னணு முறைக்கு மாறியது.

500சி வழிவந்த கருவிகளின் உற்பத்தி 2013இல் முடிவுக்கு வந்தது. எனினும் ஃபிலிம் ஆர்வலர்கள் அவற்றை இன்றும் பயன்படுத்துகின்றனர். புதிய பாகங்கள் அரிதாகிவிட்ட நிலையில், லென்சைத் தொடுமுன் கைப்பிடியைச் சுற்றி விசையேற்ற வேண்டும் என்ற பழைய விதி முன்பைவிட முக்கியமாகியுள்ளது.