மிஷனரி போன பிறகு

மாட்டுங்கா என்றதும் தமிழருக்கு நினைவு வருவது ஆஸ்திக சமாஜமும் பூக்கடைகளும் உடுப்பி ஹோட்டல்களும்தான். அதே பேட்டையில்தான் இத்தாலியிலிருந்து வந்த சலேசிய சபைக் குருக்கள் வளர்த்த டான் பாஸ்கோ பள்ளியும், 1957-இல் கட்டி முடித்த மாதா திருத்தலமும் இருக்கின்றன. ஏழைக் குழந்தைகளுக்கு ஊழியம் செய்யக் கடல் கடந்து வந்த இத்தகைய மிஷனரிகளைப் பற்றி நம்மிடையே இரண்டு கதைகள் புழங்குகின்றன. அவர்கள் தியாகிகள் என்பது ஒன்று, மதம் மாற்ற வந்தவர்கள் என்பது மற்றொன்று. இரண்டும் வந்தவரின் மனத்தை ஆராய்வதோடு நின்றுவிடுகின்றன. அவர்கள் தொடங்கிய வேலை பிறகு யார் கைக்குப் போனது, யாருக்குப் பயன்பட்டது என்று கேட்டால் கிடைக்கும் விடை வேறு. பம்பாயில் அந்த ஊழியம் தெருவோரப் பிள்ளையைச் சரியாக எட்டியது, அது இந்தியர் கைக்கு மாறிய பிறகுதான் என்பதே என் துணிபு.

சலேசியர் இந்தியாவில் முதலில் கால் வைத்தது தஞ்சாவூரில், 1906-இல். அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து எழுத்தும் கைத்தொழிலும் கற்றுக்கொடுப்பது, இத்தாலியின் தூரின் நகரில் டான் பாஸ்கோ தொடங்கிய முறை. அதையே இங்கும் செய்தார்கள். 1920-களின் இறுதியில் பம்பாய் தார்தேவில் இடம் பிடித்து, 1941-இல் மாட்டுங்காவுக்கு வந்தார்கள். இத்தாலி போரில் இறங்கியதால் இத்தாலிய மிஷனரிகள் பலரை ஆங்கிலேய அரசு டேராடூன் போன்ற முகாம்களில் அடைத்துவைத்திருந்த காலம் அது. பள்ளியை நிலைநிறுத்திய அவுரேலியோ மஸ்கியோ, சிறுவயதிலேயே இந்தியாவுக்கு வந்து இங்கேயே வாழ்ந்து 1996-இல் இங்கேயே மறைந்தவர். அவர் உழைப்பில் குறை காண முடியாது. ஆனால் மாட்டுங்கா, 1896-ஆம் ஆண்டுப் பிளேக்குக்குப் பின் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் மனை பிரித்துக் கொடுத்த நடுத்தர வர்க்கப் பேட்டை. அங்கே ஆங்கிலப் பள்ளி திறந்தால் குமாஸ்தா, வியாபாரி, எஞ்சினியர் வீட்டுப் பிள்ளைகள்தாம் வரிசையில் முன்னே நிற்பார்கள். மாணவர் யார் என்பதைப் பள்ளியின் இருப்பிடமே பெரிதும் தீர்மானித்துவிட்டது. ரயில் பாதைக்கு அப்பால் இருந்த தாராவிக்கு, பக்கத்திலிருந்த அந்தப் பள்ளி எட்டாத தூரமாயிற்று. வீட்டைவிட்டு ஓடிவந்து ரயில் நிலையங்களில் கிடக்கும் சிறுவர்களுக்கென்று வடாலாவில் சலேசியரின் ‘ஷெல்டர்’ தொடங்கியது 1987-இல். அதற்குள் சபையின் பணி பெரும்பாலும் இந்தியக் குருக்கள் கைக்கு வந்திருந்தது.

இது ஒரு சபைக்கு மட்டும் நேர்ந்தது என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க மராத்தி மிஷனின் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் 1920-களில் பம்பாய் நாக்பாடாவில் ஓர் அக்கம்பக்கச் சமூக மையத்தைத் திறந்தார். முஸ்லிம்களும் யூதர்களும் நெருங்கி வாழ்ந்த அந்தப் பகுதியில் சேவைக்கு மதமாற்றத்தை விலையாக வைக்கக் கூடாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். அந்த அனுபவத்திலிருந்து, டாட்டா டிரஸ்டின் பணத்தில், 1936-இல் பிறந்தது சமூகப் பணிக்கான பள்ளி. இன்றைய டாட்டா சமூக அறிவியல் கழகம். அடுத்த ஆண்டே அது குழந்தைகளுக்கான மனநல ஆலோசனை மையம் ஒன்றையும் தொடங்கியது. 1941-இல் மான்ஷார்ட் போனதும் இயக்குநர் பொறுப்பை ஏற்றவர் ஜே.எம். குமரப்பா, காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவின் சகோதரர். நிறுவனம் பின்னர் செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு இடம் மாறியது. அங்கிருந்துதான் 1996-இல் ஜெரூ பில்லிமோரியாவின் முயற்சியில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் கிளம்பியது. தெருப் பிள்ளை நள்ளிரவில் காசில்லாமல் கூப்பிடக்கூடிய ஓர் எண் பம்பாயில் பிறக்க, மிஷனரி கப்பலேறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

வெளிநாட்டவர் இல்லாமலே இவ்வளவும் நடந்திருக்குமே என்று ஒருவர் கேட்கலாம். மாட்டுங்காத் தமிழர்கள் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தாங்களே தொடங்கிக் காட்டியது உண்மை. ஆனால் அது, தன் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று ஒரு சமூகம் தனக்காகச் செய்துகொண்டது. ஊரும் உறவும் இல்லாத பிள்ளைக்காக முன்வரும் வழக்கம் நம்மிடம் குறைவாகவே இருந்தது. முதல் விதை அந்நியரிடமிருந்து வந்ததை மறைப்பது நேர்மையாகாது. மதமாற்றக் குற்றச்சாட்டையும் சும்மா ஒதுக்க முடியாது. மிஷனரிகளின் செயல்பாடுகளை விசாரித்து 1956-இல் வெளியான நியோகி குழு அறிக்கை பக்கச்சார்புள்ளது என்று விமர்சிக்கப்பட்டாலும், சோறுபோடும் கை நீட்டும் நம்பிக்கையைப் பசித்த சிறுவனால் சுதந்திரமாக மறுக்க முடியுமா என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது. அதற்குச் செயலால் பதில் சொன்னவர்களில் மான்ஷார்டும் ஒருவர். அவரும் ஒரு மிஷனரிதான் என்பதை மறக்க வேண்டாம்.

ஐம்பதுகளிலிருந்து இந்திய அரசு புதிய மிஷனரிகளுக்கு விசா தருவதை இறுக்கியபோது, ஏழைகளுக்கான கதவு மூடப்படுகிறது என்று சபைகள் அஞ்சின. மன்மாட் விவசாயிகளிடையே உழைத்த ஸ்பானியர் விசென்டே ஃபெரரை 1968-இல் மகாராஷ்டிரத்திலிருந்து வெளியேறச் சொன்னது போன்ற அநியாயங்களும் நடந்தன. ஆனாலும் அந்தக் கெடுபிடி, உள்ளூர் ஆட்களைப் பயிற்றிப் பொறுப்பில் அமர்த்தும் வேலையை விரைவுபடுத்தியது. இந்தியும் மராத்தியும் தமிழும் தெரிந்த ஊழியரால்தான் பிளாட்பாரத்துச் சிறுவனிடம் ஊர்ப் பெயரைக் கேட்டறிந்து, வீட்டைத் தேடிக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும்.

இன்று இரண்டு மூன்று வாரம் அநாதை இல்லங்களில் ஊழியம் செய்ய வெளிநாட்டு இளைஞர்கள் ஆசையோடு வருகிறார்கள். அவர்கள் அன்பும் பணமும் கொண்டுவருகிறார்கள், அதில் என்ன தீங்கு என்பார்கள். பணத்துக்கு ஆள் வர வேண்டியதில்லை. மஸ்கியோ உலகெங்கும் கடிதம் எழுதியே நன்கொடை திரட்டினார். ஏற்கெனவே பெற்றோரை இழந்த பிள்ளைக்கு, ஒட்டிக்கொண்ட அண்ணனும் அக்காவும் மாதந்தோறும் மறைவது இன்னொரு இழப்பு. பழைய மிஷனரியிடம் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் அவர் மொழி கற்றார், தங்கினார், தனக்குப் பின் ஆள் உருவாக்கினார். இந்த மூன்றும் இல்லாத ஊழியம் வருபவருக்குத்தான் பாடமாகிறது. அந்தப் பாடத்துக்கான செலவு குழந்தையின் கணக்கில் விழக் கூடாது. உண்மையாக உதவ விரும்புகிறவர், அங்கே ஆண்டுக்கணக்கில் நிற்கும் உள்ளூர் ஊழியரின் சம்பளத்துக்கு வழி செய்யட்டும்.